அடிமைக்கு விடுதலை, ஆண்டைக்குப் பணம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ‘அடிமைமுறையை ஒழிக்க பிரிட்டன் வாங்கிய கடன் 2015-ல்தான் தீர்ந்தது’ என்று நான்கு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கே: அடிமைகளை விடுவித்தபோது கொடுத்த இழப்பீடு அவர்களுக்குத்தானே போயிருக்கும்? தலைக்கு எவ்வளவு கிடைத்தது? (திருவண்ணாமலை)

ப: அடிமைகளுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. 1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் அவர்களை வைத்திருந்தவர்களுக்கே போனது. சட்டத்தின் பார்வையில் அடிமை ஒரு சொத்து. சொத்தை அரசு எடுத்துக்கொண்டால் சொத்துக்காரருக்கு ஈடு கட்ட வேண்டும் என்று வாதிட்டு வாங்கினார்கள்.

விலை போட்ட விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1822 முதல் 1830 வரை ஒவ்வொரு காலனியிலும் அடிமைகள் விற்ற சராசரி விலையை எடுத்து, பதிவேட்டில் இருந்த தலைகளின் எண்ணிக்கையால் பெருக்கினார்கள். மொத்தம் சுமார் 8 லட்சம் பேர், மதிப்பு 4.5 கோடி பவுண்டைத் தாண்டியது. கையில் இருந்தது 2 கோடிதான். ஆக, மதிப்பில் 44 சதவீதம். அதைக் காலனிவாரியாகப் பிரித்து, காலனிக்குள் மறுபடி வேலைவாரியாகப் பிரித்தார்கள்: மேஸ்திரி, கைத்தொழில் தெரிந்தவர், வயலாள், வலுக்குறைந்த வயலாள், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தை, முதியவர் அல்லது நோயாளி. எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. ஜமைக்காவில் சராசரியாகத் தலைக்கு 20 பவுண்டு. தென் அமெரிக்கக் கரையிலிருந்த பிரிட்டிஷ் கயானாவில் 50-க்கு மேல். கயானாவில் கரும்புக்குப் புது நிலம் இருந்தது, ஆள் இல்லை. 1807-க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் இறக்கவும் தடை. அதனால் சந்தை விலை ஏறிக் கிடந்தது.

மீதி 56 சதவீதம்? அதை அடிமைகளே உழைத்துக் கட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1834 ஆகஸ்ட் 1-ல் ‘விடுதலை’ பெற்ற 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் அனைவரும் ‘பயிற்சியாளர்’ ஆக்கப்பட்டார்கள். வாரத்துக்கு 45 மணி நேரம் வரை பழைய எஜமானுக்குக் கூலியில்லா வேலை. பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவருக்குக் கரும்பு வெட்டப் பயிற்சி! வயலாளுக்கு இது 1840 வரை நீள வேண்டியது. எதிர்ப்பு வலுத்ததால் 1838 ஆகஸ்ட் 1-ல் முடித்தார்கள். ஆன்டிகுவா மாதிரி ஓரிரு இடங்களில் இது நடைமுறைக்கே வரவில்லை.

2 கோடியில் 1.5 கோடியை 1835-ல் நேதன் ராத்ஸ்சைல்டு, மோசஸ் மான்டிஃபியோரி என்ற லண்டன் நிதியாளர்களின் குழுவிடம் அரசு கடனாக வாங்கியது. மீதியைக் கடன் பத்திரமாகக் கொடுத்தது. அந்தச் சமயம் பிரிட்டனில் வருமான வரியே கிடையாது (1816-ல் நீக்கியது, 1842-ல்தான் திரும்ப வந்தது). ஆகவே வட்டியைக் கட்டியது சர்க்கரைக்கும் தேயிலைக்கும் மதுவுக்கும் வரி கொடுத்த சாதாரண மக்கள். பின்னாளில் இந்தக் கடன், அசலைத் திருப்ப நாள் குறிக்காத பழைய அரசுப் பத்திரங்களோடு கலந்துவிட்டது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பத்திரங்களை எல்லாம் 2015-ல் மொத்தமாகத் திருப்பியபோதுதான் கணக்கு முடிந்தது. 1948-க்குப் பிறகு ஜமைக்காவிலிருந்து லண்டன் போய்ப் பேருந்து ஓட்டியவரும் தம் முப்பாட்டனின் ‘விலை’க்கு வரி கட்டியிருக்கிறார்.

கே: அந்த 2 கோடி பவுண்டு இன்று எவ்வளவு? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே. (கோயம்புத்தூர்)

ப: எல்லாருமே சரியாகச் சொல்லலாம், அளவுகோல்தான் வேறு. பொருள்களின் விலை உயர்வை வைத்தால் 200 கோடி பவுண்டுக்குச் சற்று மேல். கூலி உயர்வை வைத்தால் சுமார் 1,700 கோடி. நாட்டின் மொத்த வருமானத்தில் என்ன பங்கு என்று பார்த்தால் 10,000 கோடியைத் தாண்டும். அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் 40 சதவீதம் என்பதை அப்படியே இன்றைக்குப் பொருத்தினால், ஆண்டுக்கு 1.2 லட்சம் கோடி பவுண்டு செலவழிக்கும் அரசுக்கு அது 48,000 கோடி.

ஒருவருக்கு அதை வைத்து எத்தனை மூட்டை மாவு வாங்க முடிந்தது என்பது கேள்வியானால் முதல் கணக்கு போதும். அந்தத் தொகை நாட்டில் எவ்வளவு பெரிய முதலீட்டு வலிமை என்பது கேள்வியானால் மூன்றாவது. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கே: ஹைட்டி ஏன் இவ்வளவு ஏழை நாடு? ஊழல்தான் காரணம் என்கிறார் என் நண்பர். (புதுச்சேரி)

ப: ஊழல் உண்டு. ஆனால் கணக்கை 1825-லிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

1780-களில் ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேலும், தின்ற சர்க்கரையில் சுமார் 40 சதவீதமும் ஹைட்டியிலிருந்து, அதாவது அன்று சான் தொமிங்கு எனப்பட்ட கரீபிய பிரெஞ்சுக் காலனியிலிருந்து, போனவை. உழைத்தவர்கள் சுமார் 5 லட்சம் அடிமைகள். அவர்கள் கிளர்ந்து, நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ல் ஹைட்டி என்று தனி நாடானார்கள். யாரும் அங்கீகரிக்கவில்லை. 1825-ல் பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களோடு ஓர் ஆணையை அனுப்பினார்: அங்கீகாரம் வேண்டுமானால் 15 கோடி பிராங்கை ஐந்து சம தவணையில் கொடுக்க வேண்டும், பிரெஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கம் பாதிதான். ஒப்பிட ஒரு தகவல்: 1803-ல் லூசியானா என்ற மாபெரும் நிலப்பரப்பை, இன்றைய அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை, பிரான்ஸ் 8 கோடி பிராங்குக்குத்தான் விற்றிருந்தது.

முதல் தவணை 3 கோடிக்கே ஹைட்டியிடம் காசு இல்லை. கடனைப் பாரிஸிலேயே வாங்க வைத்தார்கள். பத்திரம் 3 கோடிக்கு. 100 பிராங்குக்கு 80 வீதம் விற்றதால் கைக்கு வந்தது 2.4 கோடி. வட்டி 6 சதவீதம், ஆனால் 3 கோடிக்கு. ஆண்டுக்கு 18 லட்சம். வாங்கிய 2.4 கோடியோடு வைத்துப் பார்த்தால் உண்மை வட்டி 7.5 சதவீதம். நம் ஊரில் பிடித்தம் போக மீதியைக் கையில் கொடுக்கும் கந்துவட்டிக்காரர் செய்வதும் இதைத்தான். குறைந்த 60 லட்சத்துக்காகக் கருவூலத்தைத் துடைத்து அனுப்பினார்கள். இதனால்தான் வரலாற்றாசிரியர்கள் இதை ‘இரட்டைக் கடன்’ என்பார்கள்: பிரான்ஸுக்கு ஈட்டுத் தொகை, அதைக் கட்டப் பாரிஸ் வங்கியாளரிடம் கடன்.

அரசுக்கு வருமானம் துறைமுகச் சுங்கம், அதிலும் முக்கியமாகக் காப்பி ஏற்றுமதி வரி. அதாவது மலைச்சரிவில் நாலு செடி வைத்திருந்த குடியானவர்தான் ஒவ்வொரு மூட்டைக்கும் கட்டினார். ஏற்றுமதியைப் பெருக்க அதிபர் புவாயே 1826-ல் விவசாயிகள் தோட்டத்தை விட்டு நகரக்கூடாது என்றே சட்டம் போட்டார். அடிமைமுறையை வென்ற நாடு, அந்த வெற்றிக்கான தண்டம் கட்டத் தன் மக்களைத் தோட்டத்தில் கட்டிப் போட்டது. தவணை தவறியது. 1838-ல் பாக்கியை 6 கோடியாகக் குறைத்து 30 ஆண்டுத் தவணை கொடுத்தார்கள். பழையதை அடைக்க 1875-ல் புதுக் கடன். 1880-ல் ஹைட்டி தேசிய வங்கி என்று ஒன்று வந்தது. அதை நிறுவி நடத்தியது பாரிஸ் வங்கி ஒன்று. அரசு பணம் போட்டாலும் எடுத்தாலும் அதற்குத் தரகு. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் அந்த வங்கியிலிருந்த 5 லட்சம் டாலர் தங்கத்தைத் தூக்கி நியூயார்க் கொண்டுபோனார்கள். மறு ஆண்டிலிருந்து 1934 வரை அமெரிக்க ஆக்கிரமிப்பு. 1922-ல் நியூயார்க் வங்கியில் எடுத்த கடன் 1947 வரை ஓடியது.

தொகையைவிடக் கேடு செய்தது காலம்தான். ஒரு நாடு பள்ளியும் சாலையும் கட்ட வேண்டிய முதல் நூறாண்டில் சுங்கக் காசு கப்பலேறிப் போனது. 2003-ல் அதிபர் அரிஸ்டீட் பிரான்ஸிடம் 2,168 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டபோது, டாலரோடு சென்ட்டையும் சேர்த்துக் கேட்டார், கேலி செய்தார்கள். 2025 ஏப்ரலில், அந்த ஆணையின் இருநூறாவது ஆண்டில், இரு நாட்டு வரலாற்றாசிரியர்களின் கூட்டுக் குழுவை பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். பணம் பற்றி அதில் உறுதி இல்லை.

கே: கரும்பு விளைந்த தீவுகளில் ஆலைத் தொழில் ஏன் வளரவில்லை? (தஞ்சாவூர்)

ப: வளரவிடவில்லை. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் ஆட்டாவிட்டால் சாற்றில் சர்க்கரை குறைந்துபோகும். எனவே ஆட்டுவதும் காய்ச்சுவதும் தோட்டத்திலேயே நடந்தாக வேண்டும். ஆனால் காய்ச்சி வந்தது நம் நாட்டுச் சர்க்கரை போன்ற பழுப்புச் சர்க்கரை. அதை வெள்ளையாக்கினால்தான் லாபம். வெள்ளைச் சர்க்கரையாகக் கொண்டுவந்தால் பிரிட்டன் தடைக்கு ஒப்பான வரி போட்டது. பழுப்புக்குக் குறைந்த வரி. அதனால் சுத்திகரிப்பு ஆலைகள் பிரிஸ்டலிலும் லிவர்பூலிலும் லண்டனிலும் எழுந்தன. பீப்பாயும் காப்பீடும் கப்பலும் அங்கே. தீவில் மிஞ்சியது கழிவுப்பாகும் அதிலிருந்து வடித்த ரம்மும்.

சோற்று நிலத்தையும் கரும்பு தின்றுவிட்டதால் உணவுக்குப் பெரும்பகுதி இறக்குமதிதான். அடிமைகளுக்கென்று வட அமெரிக்காவிலிருந்து மலிவான காட் மீன் கருவாடு வந்தது. இன்று ஜமைக்காவின் தேசிய உணவில் பாதி அந்தக் கருவாடு. அந்த மீன் அவர்கள் கடலில் கிடையாது.

கே: விடுதலைக்குப் பிறகு உழைத்து முன்னேறியிருக்கலாமே? (ஈரோடு)

ப: முயன்றார்கள். 1839-ல் பிரிட்டிஷ் கயானாவில் முன்னாள் அடிமைகள் 83 பேர் சேமிப்பைச் சேர்த்து, கைவிடப்பட்ட நார்த்புரூக் தோட்டத்தை 30,000 கில்டருக்கு (அன்று அங்கே புழங்கிய நாணயம்) வாங்கினார்கள். காசுகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்பது அங்கே வழங்கும் செய்தி. அந்த ஊர்தான் விக்டோரியா கிராமம்.

சிக்கல் தண்ணீரில் வந்தது. கயானாவின் கரையோர நிலம் கடல் ஏற்றத்துக்குத் தாழ்ந்தது. முன்னால் கடலணை, பின்னால் சதுப்பு நீரைத் தடுக்கும் அணை, பக்கங்களில் கரை, நடுவே வடிகால். ‘கோக்கர்’ எனப்படும் மதகைக் கடல் வற்றும் நேரத்தில் திறந்து, ஏறும் முன் மூட வேண்டும். வாய்க்காலில் வண்டல் சேர்ந்தால் உடனே தூர்வார வேண்டும். ஒரு பருவம் விட்டால் உப்புநீர் ஏறிப் பயிர் போகும். இந்த அணைகளைக் கட்ட அடிமைகள் குறைந்தது 10 கோடி டன் சேற்றைச் சுமந்திருப்பார்கள் என்று 1940-களின் இறுதியில் அமைந்த சர்க்கரைத் தொழில் விசாரணைக் குழு கணக்கிட்டது. தோட்ட முதலாளி ஆள் திரட்டிச் செய்த பராமரிப்பை, கைக்காசையெல்லாம் நிலத்தில் போட்டுவிட்ட கிராமத்தார் செய்ய முடியவில்லை. கடன் கொடுக்க ஆளில்லை. பல பேர் கூட்டாக நிலம் வாங்குவதற்கும் பிறகு சட்டம் வரம்பு போட்டது.

கூலியை உயர்த்திக் கேட்டால்? அதற்கும் வழி கண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பிரதமராகப் பின்னாளில் வந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் 2,508 அடிமைகளுக்கு 1,06,769 பவுண்டு வாங்கியவர். இழப்பீடு கணக்காகிக்கொண்டிருந்த 1836-லேயே கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்கு எழுதி ஒப்பந்தக் கூலிகளைக் கேட்டார். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் கயானாவில் இந்தியர்களை இறக்கின. இப்படி ஆளிறக்குவதற்கான செலவில் ஒரு பகுதி பின்னர் காலனியின் பொது வருவாயிலிருந்து போனது. விடுதலையானவர் வாங்கிய மாவுக்கும் கருவாட்டுக்கும் கொடுத்த வரி, அவருடைய கூலியைக் குறைக்க வந்த ஆளின் கப்பல் கட்டணமாயிற்று.

கே: எங்கள் முன்னோர் ஒருவர் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுக்குப் போனதாகச் சொல்வார்கள். அவர் அடிமையா? விவரம் தேட முடியுமா? (காரைக்கால்)

ப: 1854 டிசம்பருக்குப் பிறகு போயிருந்தால் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதம்தான் ‘ஒரேலி’ என்ற கப்பல் அங்கே முதல் இந்தியர்களை இறக்கியது. இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்கு அதற்கு முந்திய ஆண்டு மே மாதம். பிரான்ஸ் 1848-ல் அடிமைமுறையை ஒழித்து, மறு ஆண்டு உடைமையாளர்களுக்கு 12.6 கோடி பிராங்கு இழப்பீடு கொடுத்தது. அதில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்து, காலனி வங்கிகளுக்கு முதலாக்கினார்கள். வரப்போகும் அறுவடையை ஈடு வைத்து அந்த வங்கிகள் யாருக்குக் கடன் கொடுத்தன? தோட்டக்காரர்களுக்கு. உங்கள் முன்னோர் ஏறிய கப்பலுக்குப் பின்னால் இருந்த முதல் அதுதான்.

அடிமைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேறுபாடு உண்டு, மழுப்பக் கூடாது. இவரை விற்க முடியாது, இவர் பிள்ளை பிறப்பிலேயே கட்டுண்டதல்ல, சம்பளமும் காலவரையும் எழுத்தில் உண்டு. ஆனால் வேலைக்கு வராவிட்டால் அது குற்றம், சிறை. மொரீஷியஸில் மாதம் 5 ரூபாய்ச் சம்பளத்தில், ஒரு நாள் வராதவருக்கு இரண்டு நாள் கூலி பிடித்தார்கள். ‘இரட்டை வெட்டு’ என்று அதற்குப் பெயர்.

தேட: பிரெஞ்சுக் காலனிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊர் நகராட்சியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயரை நம் எழுத்துப்படி தேடினால் கிடைக்காது. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முத்துசாமிக்கு ‘எம்’ அடுத்து ‘ஓ, யூ’ வரும். தந்தை பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். மொரீஷியஸ் போனவர் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவுகள் உண்டு. குடும்பத்தில் பழைய காகிதம் எதிலாவது குடியேற்ற எண் இருந்தால் அதுவே திறவுகோல்.

கே: 1833 சட்டம் நம் ஊர் அடிமைகளையும் விடுவித்ததா? (மன்னார்குடி)

ப: இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அந்தச் சட்டத்திலேயே விலக்கி வைத்தார்கள். இங்கே 1843-ல் ஐந்தாம் சட்டம் வந்தது. ஒருவர் மீது அடிமை உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது. அதன் சாரம் அவ்வளவுதான். அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860-ல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தில். ஆண்டைக்கு இழப்பீடும் இல்லை, ஆளுக்கு நிலமும் இல்லை. அடிமை ஓலை போய், முன்பணச் சீட்டு வந்தது. தஞ்சைப் பண்ணையாளுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. இடையில் 1892-ல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையை ஒட்டி, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதுவே பஞ்சமி நிலம். அதில் எவ்வளவு இன்று யார் கையில் என்பது தனி இதழுக்கான விஷயம்.

கே: நம் துணிக்கும் அடிமை வியாபாரத்துக்கும் தொடர்பு உண்டாமே? (சின்னாளப்பட்டி)

ப: உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆள் வாங்கப் போன கப்பல்களின் சரக்கில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. புதுச்சேரி வட்டாரத்தில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணிக்கு ‘கினே’ என்று பெயர். செனகல் ஆற்றங்கரையில் பிசின் வியாபாரத்தில் அது நாணயமாகவே புழங்கியது. மாலத்தீவுச் சோழியும் அப்படிப் போனதுதான். நெசவாளருக்குத் தம் துணி எங்கே போகிறதென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஏற்றிய கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும்.

கே: அமெரிக்காவில் ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தார்களாமே? (சென்னை)

ப: கொடுத்துப் பிடுங்கினார்கள். 1865 ஜனவரி 16-ல் உள்நாட்டுப் போரில் வடக்குப் படைத் தளபதியான ஷெர்மன், விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று, தெற்குக் கடலோரத்தில் சுமார் 4 லட்சம் ஏக்கரை ஒதுக்கினார். ஏறக்குறைய 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்டபின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டிலேயே நிலத்தைப் பழைய தோட்டக்காரர்களுக்குத் திருப்பினார். பிறகு வாரச் சாகுபடிதான். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு; விதையும் மாவும் கடையில் கடனுக்கு; ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. பருத்தி விலை சரிந்த ஆண்டில் பாக்கி அடுத்த ஆண்டுக்குத் தாவும்.

இவர்களுக்கென்று 1865-ல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். அரசுப் பத்திரத்தில்தான் பணம் போட வேண்டும் என்பது முதல் விதி. 1870-ல் அந்த விதியைத் தளர்த்தியதும் நிலத்திலும் ரயில் கம்பெனிகளிலும் பணம் போனது. 1873 நெருக்கடியில் சிக்கி, 1874-ல் மூடினார்கள். 61,000-க்கு மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் உள்ளே இருந்தது. முழுத் தொகை யாருக்கும் திரும்பவில்லை.

இன்னொன்று. 1862-ல் வாஷிங்டன் நகரில் மட்டும் இழப்பீட்டோடு விடுதலை தந்தார்கள்: எஜமானுக்குத் தலைக்கு 300 டாலர் வரை. அடிமைக்கும் 100 டாலர் வரை உண்டு, நாட்டை விட்டுப் போகச் சம்மதித்தால்.

கே: பிரேசிலில் எவ்வளவு கொடுத்தார்கள்? (திருச்சி)

ப: யாருக்கும் எதுவும் இல்லை. 1888-ல் விடுதலை, எஜமானர்கள் இழப்பீடு கேட்டு நச்சரித்தார்கள். 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ருய் பார்போசா, அரசிடம் இருந்த அடிமைப் பதிவேடுகளை எரிக்க ஆணையிட்டார். எஜமானர்கள் கேட்க ஆதாரம் போயிற்று. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கேட்கவும்தான்.

கே: இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்கு இதில் இடம் உண்டா? (ஹட்டன்)

ப: உண்டு, ஆனால் அங்கே கயிறு கடன். ஆள் திரட்டும் கங்காணி ஊரிலேயே முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் அதில் ஏறும். தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது; கடன் கொடுத்தவர்தான் மாறுவார். கைமாறும்போது தொகை கூடவும் செய்யும். 1921-ல் துண்டு முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். 1948-ல் குடியுரிமையே போனதும், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) வெளியே வீடோ நிலமோ வாங்கி இந்தக் கணக்கிலிருந்து வெளியேறும் வழி இன்னும் குறுகிவிட்டது.

கே: யார் யார் எவ்வளவு இழப்பீடு வாங்கினார்கள் என்று நானே பார்க்க முடியுமா? (மதுரை)

ப: முடியும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் தொகுத்த தரவுத்தளம் 2013 முதல் இணையத்தில் இலவசம். ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், காலனி என எதை வைத்தும் தேடலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் காலனிப் பெயரோடு ஓர் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நபர் எந்த நிலையில் வருகிறார் என்று பாருங்கள்: உடைமையாளரா, அடமானம் பிடித்தவரா, ஆண்டுத்தொகை பெறுபவரா, அறங்காவலரா, கேட்டும் கிடைக்காதவரா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அறங்காவலர் பெயரில் பெரிய தொகை இருந்தால் அது அவர் பணமல்ல. ஒரே தொகை இரண்டு மூன்று பேரின் பக்கத்தில் இருக்கும், கூட்டிவிடாதீர்கள். ஒரே பெயரில் பலர் உண்டு. காலனியும் தோட்டமும் பொருந்தினால்தான் அவர். அடமானம் பிடித்த லண்டன் வணிகர்கள் குறுக்கே கோரிக்கை போட்டு வாங்கிய தொகைகளையும் விடாதீர்கள். பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்று காட்டுவது அவைதான்.

இழப்பீட்டுக் கோப்பில் அடிமைகள் வெறும் எண்ணிக்கை. பெயர் வேண்டுமானால், அதற்கு முன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த அடிமைப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டி 71’ என்ற வரிசை. எஜமான் வைத்த ஒற்றைப் பெயர், வயது, பிறந்த இடம். மொரீஷியஸ் பதிவேட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தைக் கவனியுங்கள். சில வரிகளில் ‘இந்தியா’ என்று இருக்கும்.